கெண்ட் நகரத்துத் துரை வைத்த சிரிப்பு

கடல் வேலாம்பட்டினத்துக்கு இன்னும் அரை மைல் தள்ளியிருந்த காலத்தில், பிரெஞ்சுக்காரன் கொடி சுங்கச்சாவடி மேல் கிழிந்து தொங்கிய காலத்தில், பெல்ஜியத்திலிருந்து லீவன் கோப்பன்ஸ் என்று படம் எழுதுகிறவன் ஒருவன் வந்து இறங்கி, ஏழைகளை உட்காரவைத்து எழுதி, அவன் எழுதினவர்கள் முகத்தில் எல்லாம் சிரிப்பு ஒட்டிக்கொண்டு, பிறகு போகவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. வந்தார், போனார் என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் ஆறு வருஷம் அவனுக்குச் சோறு வடித்துப்போட்ட மதலேனாள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, அவள் கொடுக்காத மரியாதையை நாம் எதற்குக் கொடுப்பானேன்.

மதலேனாள் ஊர் அறிந்த சிடுமூஞ்சி. பால் திரிந்துபோனால், இந்தப் பக்கம் மதலேனாள் வந்தாளா என்று கேட்பார்கள். தாயும் தகப்பனும் ஒரே வாந்திபேதியில் போன வருஷம் அவளுக்குப் பதினாறு வயசு, தம்பி இஞ்ஞாசிக்கு நாலு. அன்றைக்குச் சுருக்கின புருவத்தை அவள் அப்புறம் தளர்த்தவே இல்லை, கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை, தம்பியை வளர்த்து ஆளாக்கித் தனகோடியாரின் நீலத்தொட்டியில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். நீலச்சாயத்துக்கு அவுரி ஊறுகிற நாற்றம் பிடித்த வேலைதான், கையெல்லாம் சுண்ணாம்பு தின்றுவிடும். ஆனாலும் தெரிந்த வேலை.

துரையின் பூர்வோத்தரம் அவளுக்கு அத்துபடி. மத்தியானம் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே, தனக்குத் தெரிந்த சமையலறைத் தமிழில், மற்றவர்கள் தங்கள் ஊர்க் கோயில் தேரைப் பற்றிச் சொல்வதுபோல அவனே எல்லாவற்றையும் சொல்லுவான். கெண்ட் என்கிற ஊரில் மெழுகுவத்தி விற்றவர் மகன். குடிக்கிறவன், சீட்டாடுகிறவன், தொட்டில் ஆட்டுகிறவள், சுருட்டுப் பிடிக்கிற கிழவன், இவர்களையெல்லாம் சிரிக்கிற மாதிரி எழுதப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டான். அந்தப் படங்களைப் பெரிய மனுஷர்கள் வாங்கிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். சிரிக்கிற ஏழையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் ஜீரணம் நன்றாக ஆகுமாம். பிறகு அந்த நாட்டில் உருளைக்கிழங்கு முழுக்க மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன வருஷம் வந்தது, துணி நெய்கிறவர்கள் எல்லாம் பட்டினி கிடந்தார்கள், நம்முடைய ஆள் வண்டி கட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போனான். எதற்கு? கஞ்சி ஊற்றவா? படம் எழுத. கூடவே ஒரு சிவப்புச் சால்வையும், ஒரு நீலக் கூஜாவும், மெழுகில் செய்த ஒரு பன்றித்தொடையும் கொண்டுபோனான். காலி மேஜைமேல் மெழுகுத் தொடையை வைத்து, பட்டினிக்காரர்களைச் சுற்றி உட்காரவைத்து எழுதினான். ஒரு பெண்குழந்தை அதை எட்டிக் கடித்துவிட்டதாம், அந்தப் பல் தடத்தை மதலேனாளுக்கே எடுத்துக் காட்டினான்.

அந்தக் கிராமத்தில்தான் சிரிப்பு முதன்முதலில் ஒட்டிக்கொண்டது. கஞ்சித்தொட்டிக்காரன் வந்து பார்த்தான், எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், இவர்களுக்கு எதற்குக் கஞ்சி என்று அடுத்த ஊருக்குப் போய்விட்டான். தை மாசத்துக்குள் பாதி ஊர் காலி. படத்துக்கு ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது.

"ஏன் முசியே, அத்தினி பேரு செத்தாங்களே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள் மதலேனாள். நேரில் கூப்பிடும்போது துரையைப் பிரெஞ்சுக்காரர் பாணியில் முசியே என்பாள்.

"சாவு எல்லாருக்கும் வரும் மதலேன். படம் நிக்கும்," என்றான் துரை. "இன்னும் ஒரு மீன் போடு."

பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் கல்லோடு வாசலில் நின்ற பிறகுதான் அவனுக்குக் கிழக்கே போகவேண்டும் என்கிற ஆசை பிறந்தது.

வேலாம்பட்டினத்தில் அவன் முதலில் எழுதினது உப்பு விற்கிற சந்தனமேரியை. அவன் எழுதுகிற விதம் இதுதான்: முகம் எழுதுவான், கண் எழுதுவான், எதிரே இருக்கிறவர்கள் தலைவலியில் நெளிந்தாலும் பசியில் கொட்டாவி விட்டாலும் தன் பாட்டுக்கு உதட்டை விரித்து எழுதுவான், கடைசியில் ஊசிமுனைத் தூரிகையை எடுத்து முன்பல்லின்மேல் வெள்ளையில் ஒரு பொட்டு வைப்பான். அந்தப் பொட்டு விழுந்த கணத்தில், அந்த ஆள் எதிரே இருந்தாலும் சரி, எட்டுத் தெரு தள்ளி இருந்தாலும் சரி, வாய் இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். சாப்பிடலாம், பேசலாம், தூங்கலாம். சிரிப்பு மட்டும் போகாது. சந்தனமேரி சிரித்தபடி வீட்டுக்குப் போனாள், எவனைப் பார்த்துடி சிரிக்கிறே என்று புருஷன் அடித்தான், சிரித்தபடி அடி வாங்கினாள், அதற்கும் சேர்த்து இரண்டு போட்டான்.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஊர் எதைத்தான் செய்யவில்லை? பழகிக்கொண்டது. முதல் மாசம் வேப்பிலை அடித்தார்கள், இரண்டாம் மாசம் வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி நேர்ந்தார்கள், மூன்றாம் மாசம் சந்தனமேரிக்கு உப்பு அதிகம் விற்கிறது என்று கண்டுபிடித்து, மீன்காரிகள் துரை வீட்டு வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணத் தரகர்கள் சிரிப்பு வைத்த பெண்ணா, வைக்காத பெண்ணா என்று விசாரித்தார்கள். இழவு வீட்டில் சிரிப்புக்காரர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யார் சந்தோஷமாக இருக்கிறார்கள், யார் துக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பெரிய குழப்பமாகிப்போய், கடைசியில் குப்பத்துக்காரர்கள் தங்களுக்குள்ளே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்: மனசு சரியில்லாதவர்கள் காதில் ஒரு கறுப்பு நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பெரிய வீடுகளில் இது தெரிந்ததும், நூல் சுற்றினவர்கள் கொல்லைப்பக்கம் வழியாகக்கூட உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏனென்றால் அதற்குள் பெரிய வீடுகளுக்கு ருசி கண்டுவிட்டது. எட்டு நாள் காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டே தண்ணீர் இறைக்கிற வேலைக்காரி கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? முகூர்த்தம் பார்த்து, வெற்றிலை பாக்கோடு வேலைக்காரர்களைத் துரையிடம் அனுப்பினார்கள். பங்குச்சாமியார்கூட, முகமலர்ச்சியோடு சிலுவை சுமக்கிறவர்களே பேறுபெற்றவர்கள் என்று பிரசங்கம் வைத்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

இவர்கள் எல்லாரையும் பார்த்து மதலேனாள் காறித் துப்பினாள். "அழுத புள்ளதான் பால் குடிக்கும். சிரிச்ச புள்ளைக்கு எவன் குடுப்பான்? போய் உக்காருங்கடி, நல்லா உக்காருங்க," என்பாள். துரை அவளையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவள் கரண்டியைக் காட்டுவாள்.

அவனைத் திட்டலாம், சோற்றில் கல்லைப் போடலாம், அவன் சிரிக்கத்தான் செய்வான். ஒரே ஒரு தடவைதான் மதலேனாள் அவன் கோபத்தைப் பார்த்திருக்கிறாள். கறுப்புத்துணி போர்த்திய பெட்டியோடு போட்டோ பிடிக்கிறவன் ஒருவன் ஊருக்கு வந்திருந்தான். கடைத்தெருவில் யாரோ துரையிடம், "நீங்களும் இதைத்தானே செய்யறீங்க முசியே, எதிர்ல இருக்கறத அப்படியே எடுக்கறது" என்று நல்லபடியாகச் சொல்லிவைக்க, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு தின்னவில்லை, தட்டை எடுத்துச் சுவரில் அடித்தான்.

இஞ்ஞாசி செத்தது ஒரு ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு. மூன்றாம் தொட்டிக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை உளுத்துப்போய்ப் பல மாசமாயிற்று, மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் வாய் வலித்துவிட்டது. பலகை முறிந்தது, பையன் உள்ளே போனான், வெளியே எடுத்தபோது நகக்கண் வரைக்கும் நீலம். தனகோடியார் மடாதிபதி மாதிரி நின்று பார்த்தார், பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கள்ளைக் குடித்துவிட்டு வேண்டுமென்றே குதித்தான் என்று எழுதவைத்தார். தற்கொலை என்று எழுதியாயிற்றா, முடிந்தது. பங்குச்சாமியார் கல்லறைத் தோட்டத்தைத் திறக்கமாட்டேன் என்றுவிட்டார். இஞ்ஞாசியைச் சுவருக்கு வெளியே, கழுதை மேய்கிற கள்ளிக்காட்டில் புதைத்தார்கள், சிலுவை நடக்கூடாது, மணி அடிக்கக்கூடாது.

மதலேனாள் அன்றைக்கு அழவில்லை. நாலு வயசுப் பையனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள், அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவதைக் கண்ணால் தின்றவள், அவன் பரலோகம் போகாமல் கள்ளிக்காட்டில் கிடக்கிறான் என்று எப்படிப் பொறுப்பாள்? அவனைச் சுவருக்கு உள்ளே கொண்டுவராமல் கண்மூடமாட்டேன் என்று மனு எழுதவைத்தாள், அறுபது தொட்டிக்காரர்களிடம் ரேகை வாங்கினாள், மனு புதுச்சேரிக்குப் போனது. ஐப்பசியில் நீதிபதி ஒருவர் விசாரணைக்கு வருகிறார் என்று தாக்கல் வந்தது.

தனகோடியார் பதறுகிற ஜாதியில்லை. அவர் துரைக்குச் சொல்லியனுப்பினார். நீலத்தொட்டியில் வேலை செய்கிற அறுபது பேரையும் ஒரே துணியில், சுவர் அகலத்துக்கு எழுத வேண்டும், முடிந்த அன்றைக்குப் பட்டுச் சால்வை. வேலைக்கு வருகிறவன் முதலில் துரை முன்னால் அரைமணி நின்றுவிட்டுத்தான் தொட்டிக்குப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டார். துரை இரண்டு மாசம் தொட்டியடியிலேயே கிடந்து எழுதினான். தினம் ஒருவனுக்கு, இரண்டு பேருக்கு வெள்ளைப் பொட்டு விழுந்தது. சுண்ணாம்பு தின்ற கையோடு, இருமிக்கொண்டு, அறுபது பேரும் மலர்ந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். ஊரில் கறுப்பு நூல் தட்டுப்பாடாகிவிட்டது.

ஆக, சுளித்த முகத்தோடு சாட்சி சொல்ல மிச்சமிருந்தது மதலேனாள் ஒருத்திதான். அவளுக்கும் அது தெரியும். சமையலறைச் சன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டினாள், சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள், முக்காடு போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வேலையை விட்டுவிட்டுப் போகலாமே என்றால், போனால் அவன் என்ன செய்கிறான் என்று எப்படித் தெரியும்? ஆனால் ஆறு வருஷமாகத் தினம் இரண்டு வேளை பார்த்த முகத்தை எழுத அவனுக்கு எதிரே ஆள் எதற்கு? விசாரணை அன்றைக்குக் காலையில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் இழுத்தது. கையை வைத்துப் பார்த்தாள். பல் தட்டுப்பட்டது.

மிளகாய்க் கையோடு மாடிக்கு ஓடினாள். துரை தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொட்டியடியிலிருந்து கொண்டுவந்து சாத்தியிருந்த பெரிய துணியின் நடுவில், தொட்டிக்காரர்களுக்குக் கஞ்சிப்பானை தூக்கி வருகிறவளாக அவளை எழுதியிருந்தான், சிவப்புச் சால்வை போர்த்தி, அவள் ஜென்மத்தில் சிரிக்காத சிரிப்பு.

"அட பாவி, நாசமாப் போறவனே!" என்றாள், சிரித்தபடி.

"கடைசி ஆள் நீ," என்றான் துரை. "உன் முகம் ரொம்பக் கஷ்டம், மதலேன். ஆனால் பார், நல்லா வந்திருக்கு."

அவன் முகத்தில் மிளகாயைத் தேய்க்கலாம். தேய்த்தால் இஞ்ஞாசி உள்ளே வருவானா? கையைக் கழுவிக்கொண்டு, காதில் கறுப்பு நூலைச் சுற்றிக்கொண்டு, விசாரணைக்குப் போனாள்.

சுங்கச்சாவடிக் கூடத்தில் விசாரணை. சுவரில் அந்தப் பெரிய படம். முன்வரிசை நாற்காலியில் தனகோடியார், பக்கத்தில் பட்டுச் சால்வையோடு துரை. நீதிபதி நல்ல மனுஷர்தான், ஆனால் கண் இருக்கிற மனுஷர், கண்ணுக்குத் தெரிவதைத்தானே நம்புவார். முதல் ஆள் வந்து, தொட்டிப் பலகை உளுத்திருந்தது எஜமானே, ஆறு மாசமாகச் சொன்னோம் என்றான், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. இரண்டாம் ஆள் வெந்த கையைக் காட்டினான், அவனும் சிரித்தபடி. இருபதாவது ஆளுக்குள் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு சந்தோஷமான தொழிலாளிகளை நான் பிரான்சில்கூடப் பார்த்ததில்லை, இதென்ன எல்லாரும் சேர்ந்து என்னிடம் விளையாடுகிறீர்களா என்றார். துபாஷி அதைத் தமிழில் சொன்னான். தனகோடியார் எழுந்து படத்தைக் காட்டி, இதோ பாருங்கள், வேலைநேரத்தில் பார்த்து எழுதினது, இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்றார். பொழப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது என்பார்களே, அது அன்றைக்குத்தான் கூடம் நிறைய நடந்தது.

மதலேனாளைக் கூப்பிட்டார்கள். அவள் சிரிப்பைப் பார்த்ததும் நீதிபதி பெருமூச்சு விட்டார். அவள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"படத்தையே சாட்சியா ஒத்துக்கறேன் எஜமானே," என்றாள். "அந்த முசியேமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாவம், அவரு சுயமா என்னத்தைக் கண்டாரு? எதிர்ல இருக்கறதப் பாத்து அப்படியே எடுக்கற ஆளு. போட்டோப் பெட்டி மாதிரின்னு வெச்சுக்குங்க. பெட்டி ஒரு நிமிஷத்துல செய்யறத இவரு ரெண்டு மாசம் ஒக்காந்து செய்யறாரு, அவ்வளவுதான் வித்தியாசம்."

துபாஷி சொல்லி முடிக்குமுன்பே துரையின் கழுத்து சிவந்துவிட்டது, சமையலறையில் பழகின தமிழ் அதற்குப் போதும். நீதிபதி தலையாட்டினார்: சரி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிற ஒரு குமாஸ்தா, அப்படியானால் படம் உண்மை என்றார். குமாஸ்தா! தனகோடியார் சால்வையைப் பிடித்து இழுத்தார், சால்வைதான் அவர் கையில் மிஞ்சியது. துரை படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான்.

"பெட்டியா?" என்று கத்தினான், பிரெஞ்சு பாஷையில், கூடம் அதிர. துபாஷியும் அதே சத்தத்தில் தமிழாக்கினான். "குமாஸ்தாவா? முப்பது வருஷமாக எழுதுகிறேன், என் முன்னால் ஒருத்தர், ஒரே ஒருத்தர் சிரித்தது கிடையாது! கெண்டிலும் கிடையாது, இங்கேயும் கிடையாது! பட்டினியில் சுருண்டார்கள், நாறினார்கள், என்னைச் சபித்தார்கள். இந்த அறுபது பேரும் இருமிக்கொண்டு அழுதுகொண்டு நின்றார்கள். சிரிப்பு என்னுடையது! ஒவ்வொரு சிரிப்பும் நான் வைத்தது! இதோ இவள், ஆறு வருஷத்தில் உதட்டைப் பிரித்தவள் இல்லை, இவளைப் போய் எந்தப் பெட்டி இப்படி எடுக்கும்? இதோ மூன்றாம் தொட்டி. இந்தப் பலகை எப்படி இருந்தது தெரியுமா? உளுத்து, நடுவில் இரண்டாக முறிந்து, ஆணியில் அந்தப் பையனுடைய துண்டின் கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதிப் பார்த்தேன், கண்ணை உறுத்தியது. புதுத் தேக்குப்பலகையாக மாற்றினேன். தேக்கின் ரேகையைப் பாருங்கள்! இதைப் பெட்டி செய்யுமா?"

கூடத்தில் அறுபது பேர் சிரித்தபடி அவனைப் பார்த்தார்கள்.

"எந்தப் பலகை?" என்றார் நீதிபதி, பேனாவை எடுத்துக்கொண்டு.

பெருமை பிடித்தவனுக்கு வாயை மூடத் தெரியுமா? பக்கத்தில் போய், விரலை வைத்து, முறிவு எங்கே, உளுத்தது எவ்வளவு, ஆணி எத்தனை என்று பாடம் நடத்தினான். நீதிபதி அன்றைக்கு மத்தியானமே தொட்டிக்குப் போனார். முறிந்த பலகையைத் தனகோடியார் அடுப்பெரிக்கக்கூட எடுக்கவில்லை, இத்தனை சிரிப்புக்கு நடுவில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்கிற தைரியம், மூலையில் அப்படியே சாத்தியிருந்தது. கள் குடித்துக் குதித்தான் என்கிற வரியை நீதிபதி தம் கையால் அடித்துவிட்டு, உளுத்த பலகை முறிந்து இறந்தான், குற்றம் தொட்டி முதலாளியுடையது என்று எழுதினார்.

திரும்பி வருகிற வழியில் துரை மதலேனாளின் பின்னாலேயே வந்தான். "நான் நல்லாப் பேசினேனா, மதலேன்?" என்று கேட்டான். அவனுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க, முசியே," என்றாள். அந்த வீட்டில் அவள் அப்புறம் அடுப்பு மூட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் இஞ்ஞாசியைக் கள்ளிக்காட்டிலிருந்து எடுத்தார்கள். பங்குச்சாமியார் யார் முகத்தையும் பார்க்காமல் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்துவிட்டார். மணி அடித்தது. அறுபது தொட்டிக்காரர்களும், சந்தனமேரியும், மீன்காரிகளும், காதுக்குக் காது கறுப்பு நூலோடு, வாய்கொள்ளாச் சிரிப்போடு குழியைச் சுற்றி நின்றார்கள். மதலேனாள் அன்றைக்குத்தான் அழுதாள். நாலு மாசத்து அழுகை, கண்ணிலிருந்து இறங்கி, விரிந்த உதட்டுக்குள் போய், பல்லில் உப்புக் கரித்தது. ஏ ராசா, ஏ என் தங்கமே, உள்ள வந்துட்டியா, உள்ள வந்துட்டியாடா என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது சுவரோரம் பலகையும் கரிக்கட்டியுமாகத் துரை வந்து நின்றான். ஒருவரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"மதலேன், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு," என்றான் மெதுவாக. "வெளிச்சம் அங்கே நல்லா இருக்கு."

மதலேனாள் திரும்பினாள். ஒரு கை மண்ணை அள்ளித் தம்பி மேல் போட்டாள், அடுத்த கை மண்ணை அள்ளித் துரையின் பலகைமேல் எறிந்தாள். அவன் கோபப்படவில்லை. மண்ணை ஊதித் தட்டிவிட்டு வரைந்தான். குழி மூடி, எல்லாரும் கலைந்துபோன பிறகும் வரைந்துகொண்டிருந்தான்.

அடுத்த கப்பலிலேயே ஊருக்குப் போய்விட்டான். கல்லறையில் வரைந்த அந்தப் படத்தை அவன் நாட்டில் ஒரு சாராய வியாபாரி வாங்கித் தன் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறான் என்றும், 'கீழ்த்திசையில் ஒரு பண்டிகை' என்று அதற்குப் பெயர் என்றும், கப்பலில் வேலை பார்த்து வந்த ஒருவன் சொன்னான். விருந்துக்கு வருகிறவர்கள் நடுவில் மண் அள்ளுகிற பெண்ணைக் காட்டி, பாருங்கள், இவர்களுக்கு என்ன சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவார்களாம்.

கேட்டுக்கொண்டிருந்த மதலேனாள், "சொல்லிட்டுத் தின்னுட்டுப் போகட்டும்," என்றாள். "எந்தம்பி சுவத்துக்கு உள்ள இருக்கான்."